நஃபீசாவுக்கு வராத செய்திகள்

அத்தியாயம் 9

போன வாரம் ரவூப் தன் மனைவியின் தலையைத் தடவி, "நீ கவலையே படாதே, எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னபோது உங்களில் எத்தனை பேர் உருகிப் போனீர்களோ தெரியாது. நான் உருகவில்லை. இப்படிப் பேசும் ஆண்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. பாத்துக்கிறேன் என்பார்கள். எதைப் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக இரண்டு வரி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து நஃபீசாவுக்கும் ரவூபுக்கும் பிறந்தவன் இர்ஃபான். பத்து மாதம் ஆகிறது. இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். ரவூபுக்கு ஜாலான் புசாரில் ஹார்ட்வேர் கடை. தாய் இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கிய அக்கா ஷமீமா லாத்தா அதே புளோக்கில் நாலாவது மாடியில் இருக்கிறார். போன வாரம்கூட தம்பி பெண்டாட்டி வைத்த ஆணத்தில், அதாவது குழம்பில், உப்புப் போதவில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாரே, அவர்தான்.

இனி செவ்வாய்க்கிழமை காலை.

"மச்சான், இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க" என்று கணவனிடம் சொன்னாள் நஃபீசா.

"பைப் லோடு வருது நஃபீசா. நான் இல்லாட்டி கண்டபடி இறக்கிப் போட்டுட்டுப் போயிருவானுங்க. நீ போயிட்டு வா. முக்கியமா எதுவும் இருந்தா எனக்கு மெசேஜ் வந்துரும்லா."

இந்த மெசேஜ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கலவரமே அதில்தான்.

பிள்ளைக்கு இதய ஆபரேஷன் என்று முடிவானதும் அந்த ஆஸ்பத்திரியில் பெற்றோரின் கைப்பேசிக்கு வாரம் இரண்டு செய்தி அனுப்புவார்கள். தமிழிலேயே வரும். கூடவே சின்ன வீடியோ. ஓட்டை என்றால் என்ன, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், ஆபரேஷன் அன்று என்ன செய்வார்கள், முடிந்த பிறகு பிள்ளை எந்தக் கோலத்தில் இருப்பான், எல்லாம் அதில் உண்டு. டாக்டர் நேரில் சொல்லும்போது பயத்தில் பாதி மண்டையில் ஏறாது. வீட்டில் உட்கார்ந்து பத்துத் தடவை பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு எண்தான். ராத்திரி பகலாகப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறவளின் எண்ணையா படிவத்தில் எழுதினார்கள்? குடும்பத் தலைவர் தன் எண்ணை எழுதினார்.

"வர்றதையெல்லாம் உனக்கு ஃபார்வர்ட் பண்ணிருவேன்" என்றான் அன்று.

பண்ணினான். என்ன மாற்று உடை எடுத்து வரவேண்டும், பிள்ளைக்குப் பிடித்த பொம்மையைக் கொண்டு வரலாம், யார் எத்தனை மணிக்குப் பார்க்கலாம். இப்படி ஆறு வந்தன. அவளும் ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்து, பொம்மைகூட வாங்கி வைத்துவிட்டாள்.

* * *

எடை பார்த்த தாதி சுதா, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன மாதத்தைவிட முந்நூறு கிராம் குறைவு.

"பால் ஒழுங்கா குடிக்கிறானாக்கா?"

"குடிப்பான். கொஞ்சம் குடிச்சதும் தூங்கிருவான். எழுப்பி எழுப்பித்தான் குடுக்கணும்."

"இப்ப ஒரு தடவை குடுங்க, பாக்குறேன்."

நஃபீசா புட்டியை வாயில் வைத்தாள். இர்ஃபான் நாலு வாய் உறிஞ்சினான். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. அவள் வழக்கம்போல் முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்தக் குளிர்சாதன அறையில் மற்ற எல்லோரும் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

சுதா குனிந்து பிள்ளையின் விலா மூச்சுக்கு மூச்சு உள்வாங்குவதையே பார்த்தாள். "இப்படி வேர்க்குறது எத்தனை நாளா?"

"ஒரு அஞ்சு வாரமா. நம்ம ஊரு சூடுதானே? வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். கடையிலேருந்து ஒரு ஃபேன் எடுத்துட்டு வந்து மாட்டினாரு."

"ஃபேனா?" சுதாவின் குரல் மாறியது. "ஏன்க்கா, ஏழாவது மெசேஜ்லயே போட்டிருந்தோமே. பால் குடிக்கிறப்போ வேர்த்தா, மூச்சு வேகமா வாங்கினா, பாதியில தூங்கிட்டா, அன்னிக்கே எங்களுக்கு ஃபோன் பண்ணுங்கன்னு. வீடியோகூட இருக்கே. பாக்கலையா?"

"ஏழாவதா? எனக்கு வந்ததே ஆறுதான்."

நஃபீசா தன் கைப்பேசியை நீட்டினாள். சுதா அதைப் பார்த்தாள், பிறகு தன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

பதினேழு.

பதினேழு செய்திகள், தேதியோடு, வரிசையாக. பதினேழுக்கும் பக்கத்தில் நீல டிக். திறந்து பார்க்கப்பட்டவை.

நஃபீசா பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏழாவதில் ஒரு குழந்தையின் படம் போட்டு, நெற்றியில் வியர்வைத் துளிகளை வரைந்திருந்தார்கள். அவள் வீட்டில் ஐந்து வாரமாகப் பவுடர் போட்டுத் துடைத்த அதே வியர்வை. ஒன்பதாவதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தாள். பத்தாவதைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"சுதா, இது என்ன?"

"அதுவாக்கா? ஆகஸ்ட் இருபது புதன்கிழமை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆபரேஷன் தள்ளிப் போச்சு. அந்த இடத்தை இர்ஃபானுக்குத் தர்றோம், ஒரு மாசம் முன்னாடியே முடிச்சுரலாம்னு கேட்டோம். சரின்னா ஒண்ணு, வேணாம்னா ரெண்டு அனுப்பணும். ரெண்டுன்னு வந்துச்சு. நானே ஃபோன் பண்ணியும் கேட்டேன். குடும்பத்துல எல்லாரும் கலந்து பேசித்தான் முடிவு பண்ணோம்னு உங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

"எல்லாரும்னா யாரு?"

சுதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பாவம், அவள் என்ன செய்வாள்? டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

டாக்டர் லிம் வந்தார், ஸ்கேன் பார்த்தார், சுற்றி வளைக்காமல் சொன்னார். ஓட்டை வழியாக ரத்தம் அதிகமாகப் பாய்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. அங்கே அழுத்தமும் ஏறியிருக்கிறது. இப்போதே வார்டில் சேர்க்க வேண்டும். ஊசி போட்டு நீரை இறக்கப் பார்ப்போம். நாளை மாலை நாலு மணிக்கு மறுபடி சோதிப்போம். இறங்கியிருந்தால் வியாழக்கிழமை ஆபரேஷன். இறங்காவிட்டால் இந்த நிலையில் அவனை மேசையில் ஏற்றுவது ஆபத்து. அதிக நாள் காத்திருப்பதும் ஆபத்து.

"ஆகஸ்ட் இருபது செஞ்சிருந்தா?" என்று நஃபீசா கேட்டாள்.

டாக்டர் ஸ்கேனை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "அப்போ நுரையீரல் நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

* * *

வார்டு வராந்தாவில் நின்று ரவூபுக்கு ஃபோன் போட்டாள். அவன் பக்கம் குழாய்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மச்சான், ஆகஸ்ட் இருபதுக்கு ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்களா?"

அவன் யாரையோ பைப்பை ஓரமாக அடுக்கச் சொன்னான்.

"கூப்பிட்டாங்களா இல்லையா?"

"நஃபீசா, அது ஒடுக்கத்துப் புதன். ஸஃபர் மாசத்துக் கடைசிப் புதன். பீடை நாள்ல புள்ளை நெஞ்சைக் கிழிக்கச் சொல்றியா? லாத்தாதான் அன்னிக்குக் கூடவே கூடாதுன்னு..."

அவள் வைத்துவிட்டாள். இர்ஃபானின் பிஞ்சுக் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் உள்ளே அவன் வீறிட்டுக்கொண்டிருந்தான். அழக்கூட அவனுக்கு மூச்சுப் பற்றவில்லை, விட்டு விட்டு அழுதான்.

அடுத்த ஃபோன் ஷமீமா லாத்தாவுக்கு. ஏழெட்டு வருஷமாக "சரிங்க லாத்தா" என்பதைத் தவிர வேறு பேசாதவள் நஃபீசா. ஆணத்தில் உப்பு இல்லை என்றாலும் சரிங்க லாத்தா, புள்ளை இல்லை என்று குத்திக் காட்டினாலும் சரிங்க லாத்தா. இன்று அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்ததைக் கேளுங்கள்.

"உங்களுக்கு நாள்தான் பெரிசா? என் புள்ளை உசுரு பெரிசு இல்லையா? ஏழு வருஷம் அல்லாகிட்ட அழுது வாங்கின புள்ளை லாத்தா! நாள் பாக்குறேன் கிழமை பாக்குறேன்னு அவன் நெஞ்சுல தண்ணி கோக்க வச்சிட்டீங்களே, நீங்க மனுஷிதானா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு அக்காவுக்கும் தம்பிக்கும் தோணலையா? பெத்தவ நானா, நீங்களா?"

"ஏய், நிறுத்து! என்ன நாளு? என்ன கிழமை? என்ன உளர்றே?"

"நடிக்காதீங்க. ஒடுக்கத்துப் புதன்ல ஆபரேஷன் கூடாதுன்னு உங்க தம்பிகிட்ட நீங்க சொல்லல?"

ஷமீமா லாத்தாவின் குரல் இறங்குவதை நஃபீசா அன்றுதான் முதல்முறை கேட்டாள்.

"ஆபரேஷனா?" என்றார் லாத்தா மெதுவாக. "அவன் என்கிட்ட ஆபரேஷன்னு சொல்லவே இல்லயேம்மா. கடைக்குப் புது வேன் எடுக்கணும், ஒடுக்கத்துப் புதன்ல டெலிவரி எடுக்கலாமான்னுதான் கேட்டான். ஏன்டா உனக்கு வேற நாளே கெடைக்கலையா, அடுத்த வாரம் எடுன்னேன். வேனுக்குத்தான் சொன்னேன்."

நஃபீசா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கே பித்தப்பைக் கல்லு எடுத்தது ஸஃபர்லதான். டாக்டர் சொன்ன நாளுக்குப் பிஸ்மின்னு அல்லா பேரைச் சொல்லிப் போய்ப் படுத்தேன். உசுருக்கு முன்னாடி நாளென்ன, கிழமையென்ன? புள்ளைக்குன்னு கேட்டிருந்தா நானே தூக்கிட்டு ஓடி வந்திருப்பேன்." லாத்தாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. "என் பேரைச் சொல்லியா தப்பிக்கப் பாத்தான்? படுபாவி. நீ எந்த வார்டுன்னு சொல்லு. அவனைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

இத்தனை அத்தியாயமாக லாத்தாவைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். நானும்தான் உங்களைத் திட்ட வைத்தேன். உப்பு விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் இந்தக் குற்றம் அவருடையது இல்லை.

* * *

சொன்னதைச் செய்கிறவர் லாத்தா. ஒரு மணி நேரத்தில் ரவூப் வார்டுக்குள் நுழைந்தான். சட்டையெல்லாம் துருக்கறை. பின்னால் லாத்தா, வேகமாக வந்ததில் மூச்சு வாங்க, தலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டே வந்தார்.

இர்ஃபான் தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கில் மெல்லிய குழாய். கையில் கட்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது.

"என் வாப்பா..." என்று மகன் மேல் குனியப் போனான் ரவூப்.

"தொடாதே."

அந்த வார்த்தையில் அவன் நிமிர்ந்துவிட்டான். நஃபீசா அவனை இதுவரை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சண்டையிலும் நீங்க, சலிப்பிலும் நீங்க. இன்று அந்த மரியாதை அவளிடம் மிச்சமில்லை.

"நஃபீசா, உன்னைப் பயமுறுத்த வேணாம்னுதான் நான் அதையெல்லாம் அனுப்பல. குழாய், மெஷின், ரத்தம்னு என்னென்னமோ போட்டிருந்தான். நீ தாங்க மாட்டே."

"எனக்கு வலி வந்து இருபத்தி ரெண்டு மணி நேரம் கிடந்தேனே, அப்ப தாங்கினது யாரு? ராத்திரி நாலு தடவை எழுந்து பால் குடுக்கிறது யாரு? நான் தாங்குவேன். என்ன வந்திருக்குன்னு தெரிஞ்சா தாங்குவேன். நீ என்னை மடச்சியாக்கி உட்கார வச்சிட்டே. இவனுக்கு வேர்க்குதுன்னு உன்கிட்ட வந்து சொன்னேன்ல? அந்த மெசேஜ் அப்ப உன் பாக்கெட்டுலதானே இருந்துச்சு? நீ எனக்கு ஃபேன் மாட்டினே!"

பக்கத்துப் படுக்கையின் மலாய்க்காரப் பெண் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். நஃபீசாவின் குரல் தாழவில்லை.

"உண்மையைச் சொல்லு. அந்த ஏழாவது மெசேஜைப் படிச்சியா?"

ரவூப் சட்டையின் துருக்கறையைச் சுரண்டினான்.

"கேக்குறாள்ல? சொல்லேன்டா!" என்றார் லாத்தா.

"திறந்தேன்" என்றான். "திறந்ததும் மூடிட்டேன். எதையுமே முழுசாப் படிக்கல. மெசேஜ் வந்தாலே எனக்குப் பயம். பொம்மை, சட்டைன்னு இருந்ததை மட்டும் உனக்கு அனுப்பினேன். மத்ததெல்லாம் தானாச் சரியாயிரும்னு நெனச்சேன். ஆகஸ்ட்டுல திடீர்னு நாளான்னிக்கே வாங்கன்னதும் எனக்கு ஒண்ணும் ஓடல. ரெண்டை அழுத்திட்டேன். ஒடுக்கத்துப் புதன்னு அப்புறமாத்தான் தோணுச்சு. யாராவது ஒருத்தர் கூடாதுன்னு சொன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்னு லாத்தாகிட்ட வேனைப் பத்திக் கேட்டேன்."

இப்போது சொல்லுங்கள், இந்த மனிதனை என்ன செய்யலாம்? பயப்படுவது பாவமில்லை. பத்து மாதப் பிள்ளையின் தகப்பனுக்குப் பயம் வராவிட்டால்தான் அதிசயம். அந்தப் பயத்தை "உனக்காக" என்று பொட்டலம் கட்டி மனைவி தலையில் வைத்தானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

லாத்தா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "உன்னை நான்தானே வளர்த்தேன்" என்றார். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் லிம் ஒப்புதல் படிவத்தோடு வந்தார். நாளை மாலைக்குப் பிறகு நேரம் இருக்காது, இப்போதே விளக்கிவிடுகிறேன் என்றார். பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். அபாயம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கியதும், "டாக்டர், கொஞ்சம் வெளிய வச்சுப் பேசலாமா, என் வைஃப்..." என்று எழுந்தான் ரவூப்.

"உட்காரு" என்றாள் நஃபீசா. "டாக்டர், நீங்க எனக்குச் சொல்லுங்க. ஒண்ணையும் குறைக்காம சொல்லுங்க."

அவர் சொன்னார். முன்பு நூறு பிள்ளைகளில் ஒன்றோ இரண்டோ என்றிருந்த உயிர் அபாயம் இப்போது எட்டு வரை போயிருக்கிறது. நஃபீசா நாலு கேள்வி கேட்டாள். நாலுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் தொடர்பு எண் என்று இருந்த இடத்தில் ரவூபின் எண்ணை அடித்துவிட்டுத் தன் எண்ணை எழுதினாள்.

"பழைய மெசேஜ் எல்லாத்தையும் எனக்கு அனுப்ப முடியுமா?" என்று சுதாவிடம் கேட்டாள்.

"இப்பவே அனுப்புறேன்க்கா."

இரண்டு நிமிடத்தில் நஃபீசாவின் கைப்பேசி அதிரத் தொடங்கியது. விடாமல் அதிர்ந்தது. இர்ஃபான் முழித்துவிடப் போகிறானே என்று லாத்தா அவனைத் தட்டிக் கொடுத்தார். பதினேழும் வந்து முடிந்ததும் அவள் அதை எடுத்து ரவூபின் கையில் வைத்தாள்.

"படி."

"நஃபீசா..."

"நாளைக்கு நாலு மணிக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை நடக்குமா நடக்காதான்னு தெரியாது. இவன் நல்லபடியா வீடு வந்து சேர்ந்த பிறகு நீயும் நானும் ஒரே வீட்டுல இருப்போமான்னும் தெரியாது. அதெல்லாம் அப்புறம். இப்ப முதல்லேருந்து படி. சத்தமாப் படி."

படித்தான். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. லாத்தா ஒவ்வொன்றுக்கும் "யா அல்லாஹ்" என்றார். ஏழாவதில் வியர்வை என்ற இடத்தை ரவூப் இரண்டு தடவை படித்தான். ஒன்பதாவதில், ஓட்டையை அடைக்கும்போது பிள்ளையின் இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பார்கள், அதுவரை ஒரு இயந்திரம் அவனுக்காக ரத்தத்தைச் செலுத்தும் என்று இருந்தது. ரவூப் அங்கே நின்றுவிட்டான். மூக்கை உறிஞ்சினான்.

"ம், அதுக்கப்புறம்?" என்றாள் நஃபீசா.

அவன் அதை முழுதும் படித்தான். பிறகு பத்தாவதைத் திறந்தான்.

"அன்புள்ள பெற்றோருக்கு. ஆகஸ்ட் 20, புதன்கிழமை, இர்ஃபானின் அறுவை சிகிச்சைக்கு ஓர் இடம் கிடைத்துள்ளது. ஏற்றுக்கொள்ள 1, மறுக்க 2..."

"என்ன அழுத்தினே?"

"நஃபீசா, வேணாம்."

"புள்ளைக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இர்ஃபானின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் கைக்கட்டைப் பார்த்தான்.

"ரெண்டு" என்றான்.

நஃபீசா பிள்ளையின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"பதினொண்ணைப் படி."